ஆங்கிலம் கற்பவர்க்கு எந்தப் படம் எளிது? ஏ2 வகுப்புக்கு ஏழு படங்களை ஒப்பிட்டு ஒரு தேர்வு

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு காட்சியை மூன்று நிமிடம் ஓட விடுங்கள். பிறகு மாணவரிடம் மூன்றே கேள்விகள்: இவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும்? மூன்றில் இரண்டுக்காவது சரியான பதில் வந்தால் அந்தக் காட்சியை வகுப்புக்கு எடுக்கலாம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்றால், வசனம் எவ்வளவு எளிதாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

இந்தச் சோதனையை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏ2 நிலையில், அதாவது ஆங்கிலத்தில் அடிப்படை அளவுக்கு மட்டும் தேறிய நிலையில், இருப்பவர் காதில் விழும் சொற்களில் பாதியைத்தான் பிடிக்கிறார். மீதிப் பாதியைப் படம்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் கோபமாகக் கதவைச் சாத்தும்போது அவர் வாயிலிருந்து வரும் சொல் தெரியாவிட்டாலும் அதன் பொருளை ஊகிக்கலாம். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் ஊகிக்க எதுவுமே இல்லை. பல விருதுகள் வாங்கிய நல்ல படங்கள் வகுப்பறையில் சுருண்டுவிடுவது இதனால்தான்.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள் உண்டு. ஏ2 அதில் இரண்டாவது. இந்தப் படியில் இருப்பவர் கடையில் பொருள் கேட்பார், வழி விசாரிப்பார், நேற்று என்ன செய்தார் என்பதைச் சிறு வாக்கியங்களில் சொல்வார். அவருடைய சொல்வளம் பெரும்பாலும் 2000 சொற்குடும்பங்களுக்குள்ளேயே நிற்கும் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் மற்ற வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்). இதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 318 படங்களின் வசனத்தை எண்ணி 2009இல் வெளியிட்ட முடிவு இது: ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 3000 சொற்குடும்பங்களும் ஆள், ஊர்ப் பெயர்களும் தெரிந்திருந்தால் வசனத்தில் ஏறத்தாழ 95.8 விழுக்காடு தெரிந்த சொல்லாக இருக்கும். 98 விழுக்காட்டைத் தொட 6000 வேண்டும்.

அப்படியானால் நம் மாணவருக்கு முழுதாகக் கைக்கெட்டும் திரைப்படம் என்று ஒன்று இல்லை. வெளிப்படையாக இதை ஒப்புக்கொண்டுதான் தேர்வைத் தொடங்க வேண்டும். எட்டாமல் நிற்கும் பகுதியைப் படமோ, திரும்பத் திரும்ப வரும் வசனமோ, முன்பே தெரிந்த கதையோ ஈடுகட்டுகிறதா என்பதே கேள்வி. முழுப் படத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட அதில் எட்டுக் காட்சிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் ஆசிரியரின் உண்மையான வேலை.

அளந்து பார்க்கும் வழி

எந்தப் படத்துக்கும் சப்டைட்டில் கோப்பு கிடைத்தால், அதை உரைக்கோப்பாகத் திறந்தாலே பேச்சின் வேகம் தெரிந்துவிடும். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே அது திரையில் தோன்றும் நேரமும் மறையும் நேரமும் இருக்கும். 00:12:41,300 என்று தொடங்கி 00:12:43,800 என்று முடிந்தால் அது 2.5 விநாடி. அதற்குள் 9 சொற்கள் இருந்தால் நிமிடத்துக்கு 216 சொற்கள். ஏ2 மாணவருக்கு அது வெறும் இரைச்சல். அதே 2.5 விநாடியில் 5 சொற்கள் என்றால் நிமிடத்துக்கு 120. இது காதுக்கு எட்டும்.

ஒரு காட்சியிலிருந்து அடுத்தடுத்த பத்து வசனங்களை எடுத்து இப்படிக் கணக்கிட்டால் போதும், பத்து நிமிட வேலை. சராசரி 120க்குக் கீழே வந்தால் தைரியமாக எடுக்கலாம். 120 முதல் 150 வரை என்றால் முன்தயாரிப்புடன் எடுக்கலாம். 170ஐத் தாண்டினால் விட்டுவிடலாம். இதில் இரண்டு இடங்களில் கணக்கு பிசகும். காட்சியின் மொத்தச் சொற்களை மொத்த நிமிடங்களால் வகுத்தால், நடுவில் உள்ள மௌனமும் சேர்ந்து வேகம் குறைவாகத் தெரியும். எனவே பேசும் நேரத்தை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டாவது, படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சப்டைட்டிலைப் பேச்சு முடிந்த பிறகும் அரை விநாடி, ஒரு விநாடி நிறுத்தி வைப்பார்கள். அதனால் கணக்கில் வருவதைவிட உண்மையான வேகம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எடுத்துக்காட்டு: வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் ஆங்கிலம் கற்பவர்களுக்காகத் தொடங்கிய தனி ஒலிபரப்பு, சுமார் 1500 சொற்களுக்குள் நின்று, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசித்தது. கற்பவர்க்கென்றே எடுத்த ஒலிபரப்புக்கு அந்த எல்லை தேவைப்பட்டது என்றால், யாரையும் மனத்தில் கொள்ளாமல் எடுத்த திரைப்படத்திலிருந்து அந்த எல்லைக்கு அருகில் வரும் பகுதிகளை நாம்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

சொல்லைச் சோதிப்பது இன்னும் எளிது. காட்சியின் வசனத்தில் 200 சொற்களை அச்சிட்டு, வகுப்பில் நடுத்தரமாக உள்ள மூன்று பேரிடம் கொடுத்துத் தெரியாத சொல்லுக்குக் கோடிடச் சொல்லுங்கள். பெயர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 10க்கு மேல் கோடு விழுந்தால் கடினம். 6 முதல் 10 வரை என்றால் முன்கூட்டியே நாலைந்து சொற்களைக் கற்றுக்கொடுத்துச் சமாளிக்கலாம். வகுப்பின் முதல் மாணவரிடம் கொடுத்துச் சோதிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அவருக்குப் பொருந்தும் காட்சி மற்ற இருபது பேரையும் ஒதுக்கிவிடும்.

இந்த இரண்டு சோதனையிலும் தேறிய காட்சிகூடச் சில நேரம் காதில் ஏறாது. காரணம் ஒலி. பின்னணி இசை வசனத்தின் மேல் ஏறும், இருவர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், தலைவன் தலைவியின் காதோடு கிசுகிசுப்பான். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது தெரிந்துவிடும்.

சொற்கள் ஒட்டிக்கொள்வது தனிச் சிக்கல். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று பாடநூலில் ஆறு சொல்லாகப் படித்தவர் திரையில் 'வாடயகனடூ' என்று கேட்கிறார். ஆறும் அவருக்குத் தெரிந்த சொற்கள், ஒன்றுகூடக் காதில் விழவில்லை. தமிழ் மாணவருக்கு இதை விளக்குவது கடினமில்லை. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று எழுதுகிறோம், 'என்ன செஞ்சிட்டிருக்க' என்று பேசுகிறோம். எழுத்துத் தமிழை மட்டும் படித்த வெளிநாட்டவர் நம் பேச்சைக் கேட்டு விழிப்பது போலத்தான் நாம் ஆங்கிலப் படத்தின் முன் விழிக்கிறோம். இந்த ஒப்புமையைச் சொன்னதுமே, தன் அறிவில்தான் குறை என்று நினைத்திருந்தவரின் முகம் மாறும். வீடியோவின் வேகத்தை 0.75ஆகக் குறைத்தால் இது தீரும் என்று பலர் நம்புகிறார்கள். குறைத்தால் ஒட்டிய சொல் மெதுவாக ஒலிக்கும், பிரியாது. அந்த ஒரு தொடரை எழுதிக்காட்டி, பிரித்துச் சொல்லி, ஒட்டிச் சொல்லி, பிறகு மீண்டும் போட்டுக் காட்டுவதுதான் மருந்து.

கார்ட்டூன் என்றால் எளிதா?

சிறுவர் அனிமேஷன்தான் எளிது என்பது பரவலான எண்ணம். அதில் பாதி உண்மை. குரல்களை அமைதியான ஸ்டூடியோவில் பதிவதால் வசனம் சுத்தமாகக் கேட்கும். முகபாவம் மிகைப்படுத்தி வரையப்பட்டிருக்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்காக எழுதிய வசனம் அது. ஐந்து வயதில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பேச்சுவழக்கு, கேலி, சொல் விளையாட்டு எதுவும் நம் ஏ2 மாணவருக்குத் தெரியாது. வரைந்த உதடு உண்மையான உதடு போல ஒலியைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை.

'ஃபைண்டிங் நீமோ' (2003, 100 நிமிடம்) இதற்கு நல்ல மாதிரி. காணாமல் போன குட்டி மீனை அப்பா மீன் தேடுகிறது: கதை ஒரே வரியில் அடங்கிவிடும், இது பெரிய வசதி. டோரி என்ற மறதிக்கார மீன் கேட்டதையே திரும்பக் கேட்கிறது, சிட்னி முகவரி ஒன்றைப் படம் நெடுகச் சொல்லிக்கொண்டே வருகிறது. ஒரே தகவல் பலமுறை காதில் விழுவதைவிட ஏ2 மாணவருக்கு வேறென்ன வேண்டும்? டோரி திமிங்கில மொழி பேசுவதாக நினைத்து ஆங்கிலச் சொற்களை இழுத்து இழுத்துப் பேசும் காட்சி, ஆசிரியர் கேட்டு வாங்கினாற்போல மெதுவான ஆங்கிலம். ஆனால் கடலாமை வரும் பகுதியில் அலைச்சறுக்கு இளைஞர்களின் கொச்சை மொழி. அதை ஒதுக்க வேண்டும். பல் மருத்துவரின் மீன்தொட்டிக் காட்சிகளில் ஆஸ்திரேலிய உச்சரிப்பு கலக்கும், சொற்களும் கடினம். கடற்சாமந்தியைக் குறிக்கும் 'அனெமனி' என்ற சொல்லில் நீமோவே நாக்குத் தடுமாறுகிறான். தொடக்கத்தில் தாய் மீன் இறந்துவிடுகிறது. சிறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் அதைத் தாண்டிப் போய்த் தொடங்கலாம்.

பேடிங்டன்

முதல் படம் எது என்று கேட்டால், பத்து முதல் பதினான்கு வயது வகுப்புக்கு என் பதில் 'பேடிங்டன்' (2014, 95 நிமிடம்). பெரு நாட்டிலிருந்து லண்டனுக்கு வரும் கரடிக்குட்டியை ஒரு குடும்பம் வீட்டுக்கு அழைத்துப் போகிறது. கரடிக்குக் குரல் கொடுத்த பென் விஷா அவசரமின்றி, ஒவ்வொரு சொல்லையும் முடித்துப் பேசுகிறார். கரடி அந்நியன். ஆகவே எல்லோரிடமும் மரியாதையாக, முழு வாக்கியத்தில் பேசுகிறது. அனுமதி கேட்பது, மன்னிப்புக் கேட்பது, நன்றி சொல்வது, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது என ஏ2 பாடநூலின் பாதி அதன் வாயிலிருந்தே வந்துவிடுகிறது.

இதில் ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். சுரங்க ரயில் நிலையத்தில் நகரும் படிக்கட்டு. வலப்பக்கம் நிற்கவும் என்று ஓர் அறிவிப்பு. ஆங்கிலத்தில் 'ரைட்' என்றால் வலப்பக்கமும் ஆகலாம், வலது காலும் ஆகலாம். கரடி ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்னொரு பலகை: நாய்களைத் தூக்கிச் செல்ல வேண்டும். நாயை அழைத்து வந்தால் தரையில் விடாதீர்கள் என்பது அதன் பொருள். கரடியோ நாய் இல்லாமல் போகக்கூடாது என்று புரிந்துகொண்டு ஒரு நாயைத் தேடிப் பிடிக்கிறது. இங்கே பலகையை மாணவர் படிக்கிறார், கரடியின் செயலைப் பார்க்கிறார், எங்கே பிசகியது என்று தானாகவே கண்டுபிடிக்கிறார். வசனம் மிகக் குறைவு. 'மஸ்ட்' என்ற சொல்லோடு செயப்பாட்டு வினை சேர்ந்து வரும் அமைப்பை இலக்கணமாக விளக்கினால் நாற்பது நிமிடம் ஆகும். இந்தக் காட்சிக்குப் பின் ஐந்து நிமிடத்தில் முடியும். தொடர்ந்து ஒவ்வொருவரும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடிய அறிவிப்புப் பலகை ஒன்று எழுதச் சொன்னால் வகுப்பு களைகட்டும்.

குளியலறையில் தண்ணீர் பெருகும் காட்சியிலும் பேச்சு குறைவுதான். பார்த்ததை இறந்தகாலத்தில் சொல்லவைக்க ஏற்றது. கரடியை வேட்டையாட வரும் பெண்ணின் காட்சிகளில் வசனம் இறுக்கமாக இருக்கும். அவற்றை வாய்ச்சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். பிரிட்டிஷ் உச்சரிப்பு என்பதால், அமெரிக்க ஆங்கிலம் மட்டும் கேட்டுப் பழகியவர்க்கு முதல் பதினைந்து நிமிடம் தடுமாற்றம் இருக்கும். பெரியவர்களில் சிலருக்குக் கரடிப் படம் கூச்சத்தைக் கொடுக்கும். கட்டாயப்படுத்துவதால் பயனில்லை.

தி டெர்மினல்

பெரியவர் வகுப்புக்கு 'தி டெர்மினல்' (2004, 128 நிமிடம்) என்ற ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிரகோஷியா என்ற கற்பனை நாட்டிலிருந்து நியூயார்க் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார் விக்டர். அவர் வானில் இருந்தபோது நாட்டில் ஆட்சி கவிழ்ந்துவிட்டது, பாஸ்போர்ட் செல்லாது. உள்ளேயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. விமான நிலையத்திலேயே வாழ்ந்து ஆங்கிலம் கற்கிறார். நம் மாணவரின் நிலையில் இருப்பவரே கதாநாயகன்.

தொடக்கத்தில் அதிகாரி நிலைமையை விளக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். விசா, அரசு, போர், செல்லாது என்று கனமான சொற்கள் வரிசையாக வருகின்றன. விக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மனப்பாடம் செய்துவந்த விடுதி முகவரியைச் சொல்கிறார். அதிகாரி கடைசியில் ஒரு சிப்ஸ் பொட்டலத்தை நாடு என்று வைத்து, ஆப்பிளைக் கிளர்ச்சிக்காரர் என்று சொல்லி ஓங்கி அடிக்கிறார். பொட்டலம் வெடித்துச் சிப்ஸ் சிதறுகிறது. இதை முதலில் சத்தமில்லாமல் காட்டுங்கள். அதிகாரி எதை விளக்க முயல்கிறார் என்று மாணவர்கள் விவாதிக்கட்டும். பிறகு நாடு, அரசு, போர், பாஸ்போர்ட், செல்லாது என்ற ஐந்து சொற்களுக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதிவிட்டு, ஒலியோடு போடுங்கள். அந்த ஐந்தும் வரும்போது கை தூக்கச் சொல்லுங்கள். முழு வசனமும் புரிய வேண்டியதில்லை, விக்டருக்கும் புரியவில்லையே. புரியாமல் நிற்பவர் திரையிலேயே இருக்கும்போது, வகுப்பில் புரியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு வெட்கம் விட்டுப்போகிறது. அந்த விடுதலையை வேறெந்தப் படமும் இந்த அளவுக்குத் தருவதில்லை.

தொலைக்காட்சியில் தன் நாட்டுச் செய்தி ஓடுவதைப் பார்த்தும் எழுத்து புரியாமல் விக்டர் தவிக்கும் காட்சி, ஒரே வழிகாட்டிப் புத்தகத்தைத் தன் மொழியிலும் ஆங்கிலத்திலும் வாங்கி வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கும் காட்சி, சாமான் வண்டிகளைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திக் காசு சேர்க்கும் காட்சி: மூன்றிலும் படமே பேசிவிடும். புத்தகக் காட்சி முடிந்ததும் அதே முறையை மாணவரிடம் கொடுக்கலாம், ஒரு சிறு பத்தியின் இரண்டு மொழி வடிவங்களைக் கையில் தந்து.

குறை என்னவென்றால் விக்டரின் ஆங்கிலம் உடைந்தது. 'எ', 'தி' என்ற முன்னொட்டுச் சொற்களை விட்டுவிடுவார், வினைச்சொல்லைத் தப்பாகச் சொல்வார். அதை அப்படியே பழகிவிடுவார்கள் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. தமிழ் மாணவருக்கு இது வேறு விதமாகவும் உதவும். 'தி' என்பதற்கு இணையாகத் தமிழில் எதுவும் இல்லை, ஆகவே விக்டர் விடும் இடத்தில்தான் நாமும் விடுகிறோம். அவருடைய ஐந்து வசனங்களைத் தாளில் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னால், தங்கள் பிழையைப் பிறர் வாயில் கேட்டுத் திருத்துவார்கள். விமானப் பணிப்பெண்ணோடு நடக்கும் காதல் உரையாடல்கள் நீளம், மறைபொருளும் அதிகம். ஏ2 வகுப்புக்கு அவை வேண்டாம். தந்தைக்கு மருந்து கொண்டுவந்து தவிக்கும் பயணிக்கு விக்டர் மொழிபெயர்க்கும் காட்சி மனத்தைப் பிழியும், ஆனால் கூச்சலும் இரண்டு மொழியும் கலந்தது. எட்டாவது காட்சியாக, எல்லோரும் பழகிய பின் எடுக்கலாம்.

மற்ற நான்கு

'ஃபாரஸ்ட் கம்ப்' (1994, 142 நிமிடம்) பல ஆசிரியர்களின் முதல் தேர்வு. பேருந்து நிறுத்த நாற்காலியில் உட்கார்ந்து நாயகன் தன் கதையை மெதுவாக, குறுஞ்சிறு வாக்கியங்களில், இறந்தகாலத்தில் சொல்கிறான். கேட்பதற்கு இதைவிட நல்ல கதைசொல்லி கிடைப்பது அரிது. ஆனால் அலபாமா உச்சரிப்பில் 'ஐ' ஒலி 'ஆ' போல நீளும், அதை முன்பே ஐந்து சொற்களில் காட்டிப் பழக்க வேண்டும். கதை முழுவதும் அமெரிக்க வரலாறு: வியட்நாம் போர், வாட்டர்கேட், கென்னடி. அதைத் தெரியாதவருக்கு நகைச்சுவையில் பாதி போய்விடும். குழந்தைக்கு நேரும் கொடுமை, பாலுறவு, வசைச்சொல் எல்லாம் உண்டு, 13 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் எச்சரிக்கை தேவை என்ற சான்றிதழ் பெற்ற படம். முழுதாகக் காட்டும் எண்ணம் வேண்டாம். நாற்காலிப் பேச்சின் தொடக்கம், கால்களில் இரும்புத் தாங்கியோடு சிறுவன் ஓடும் காட்சி, ராணுவ நண்பன் இறாலில் செய்யக்கூடிய உணவுகளை அடுக்கிக்கொண்டே போகும் பகுதி, இந்த மூன்றும் போதும். ஓடும் காட்சியில் தோழி ஒரே ஏவல் சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்துகிறாள், அடுத்த நொடியே அதன் பொருளை அவன் கால்கள் காட்டுகின்றன.

'கிரவுண்ட்ஹாக் டே' (1993, 101 நிமிடம்) அமைப்பிலேயே ஒரு பயிற்சிப் புத்தகம். வானிலை அறிவிப்பாளர் ஒருவர் பிப்ரவரி 2ஆம் தேதியையே மீண்டும் மீண்டும் வாழ்கிறார். காலை 6 மணி, அதே வானொலிப் பாட்டு, விடுதி நடையில் அதே மனிதர், தெருவில் அதே பழைய பள்ளித் தோழர், அதே தண்ணீர்க்குழி. முதல் நாளில் அந்தத் தோழரின் பேச்சு மாணவருக்குப் பிடிபடாது, அவர் அவ்வளவு வேகமாகப் பேசுவார். மூன்றாவது நாளில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று மாணவரே முந்திக்கொண்டு சொல்கிறார். படத்தை நிறுத்தி அடுத்த வசனத்தைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. தடையும் உண்டு: நாயகன் குத்தலாகப் பேசுபவர். சொல் ஒன்று, பொருள் எதிர்மாறு. ஏ2 மாணவர் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு குழம்புவார். நடுப்பகுதியில் தற்கொலை முயற்சிகள் வேடிக்கையாகக் காட்டப்படுகின்றன. யாருடைய மனத்தில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியாது, அந்தப் பகுதியைக் காட்டாமல் விடுவதே சரி.

'ரோமன் ஹாலிடே' (1953, 118 நிமிடம்) கறுப்பு வெள்ளை என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது. அக்கால நடிகர்கள் ஒருவர் முடித்த பின் மற்றவர் பேசுகிறார்கள், சொற்கள் தெளிவு. இளவரசியின் மரியாதையான ஆங்கிலத்தையும் பத்திரிகையாளரின் அன்றாட ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே வேண்டுகோளை இரண்டு விதமாகக் கேட்கப் பழக்கலாம். நமக்கு 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு இருப்பதால், அது இல்லாத ஆங்கிலத்தில் மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தமிழ் மாணவரை உண்மையாகவே ஈர்க்கும் கேள்வி. மருந்து மயக்கத்தில் இளவரசி தெருவோரத்தில் கவிதை முணுமுணுக்கும் பகுதியை எடுத்தால் வகுப்பு அங்கேயே விழுந்துவிடும். முடி வெட்டிக்கொள்ளும் காட்சியிலிருந்து தொடங்குங்கள்.

'வால்-ஈ' (2008, 98 நிமிடம்) படத்தின் முதல் அரை மணி நேரத்தில் பேச்சே கிட்டத்தட்ட இல்லை. கேட்டல் பயிற்சிக்கு ஆகாது. பேச்சுப் பயிற்சிக்கு, எழுத்துப் பயிற்சிக்கு அருமை. 30 விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, ரோபோ என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லவைத்தால் நிகழ்காலத் தொடர்வினை தானாகப் பழகும்.

எதை எந்த வகுப்புக்கு

பெரியவர்கள், வேலைக்காக ஆங்கிலம் கற்பவர்கள்: 'தி டெர்மினல்'. பள்ளி மாணவர்: 'பேடிங்டன்', அதற்கடுத்து 'ஃபைண்டிங் நீமோ'வில் டோரி வரும் காட்சிகள். ஒரே வகுப்பில் சிலர் முன்னே, சிலர் பின்னே இருந்தால் 'கிரவுண்ட்ஹாக் டே'யின் காலைக் காட்சிகள்: முன்னே இருப்பவர் முதல் சுற்றிலும் பின்தங்கியவர் மூன்றாவது சுற்றிலும் பிடிப்பார்கள். வாய் திறக்கவே தயங்கும் வகுப்பில் 'வால்-ஈ'யோடு தொடங்கி இரண்டு வாரம் கழித்து மற்றதற்கு வரலாம்.

இந்தப் பட்டியலுக்கு மேலான ஒரு விதியும் உண்டு. மாணவர்கள் தமிழ் மொழிமாற்றத்தில் ஏற்கெனவே பார்த்த படம் ஒன்று இருந்தால், அதுவும் மேலே சொன்ன சோதனைகளில் தேறினால், அதையே எடுங்கள். கதை தெரிந்துவிட்டதே, ஆர்வம் இருக்காதே என்று தோன்றும். நடைமுறையில் நேர்மாறு. அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் போனதும் காது முழுவதும் மொழிக்குத் திரும்புகிறது. ஆசிரியருக்குப் பிடித்த படம் என்பதைத்தான் கடைசி அளவுகோலாக வைக்க வேண்டும். நமக்குப் பிடித்த படத்தில் நமக்கு எல்லாமே புரிவதால், அவருக்கு எது புரியாது என்பது நம் கண்ணில் படாது.

சப்டைட்டில்

தமிழ் சப்டைட்டில், ஆங்கில சப்டைட்டில், எதுவும் இல்லாமல் என்ற மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, வரிசைதான் முக்கியம். தமிழில் எழுத்து ஓடினால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும், காது மூடிவிடும். கதையின் பின்னணியை ஒருமுறை காட்ட மட்டும் அது உதவும். ஆங்கில எழுத்து, ஒட்டிக்கொண்ட சொற்களைப் பிரித்துக் காட்டுகிறது. ஏ2 வகுப்பின் உழைப்பாளி அதுதான். எழுத்தே இல்லாமல் பார்ப்பது கடைசிச் சுற்று. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: காதைப் பழக்குகிறோம் என்று முதல் சுற்றிலேயே எழுத்தை எடுத்துவிடுகிறார்கள். மாணவர் ஒன்றும் பிடிக்க முடியாமல் தோற்றுவிட்டு, அந்தத் தோல்வியோடு இரண்டாவது சுற்றுக்கு வருகிறார்.

வகுப்புக்கு முன் இரண்டு நிமிடம் எழுத்தையும் ஒலியையும் ஒத்துப் பாருங்கள். சப்டைட்டிலில் ஒரு வரிக்குச் சுமார் 42 எழுத்து, இரண்டு வரி என்பது பரவலான வரம்பு. அதற்குள் அடங்க வேண்டும் என்று வசனத்தைச் சுருக்கிவிடுவது உண்டு. அப்போது மாணவர் ஒன்றைப் படித்து வேறொன்றைக் கேட்பார். காது கேளாதவர்க்கான சப்டைட்டில் பெரும்பாலும் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். அதில் கதவு சாத்தும் ஓசை, இடி முழக்கம் போன்றவையும் எழுத்தில் வரும், அவையே நல்ல சொற்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

ஒரு மணி நேர வகுப்புக்கு 3 முதல் 5 நிமிடக் காட்சி ஒன்று போதும். இதைக் கேட்டதும் குறைவாகத் தோன்றும். கணக்குப் பாருங்கள்: 4 நிமிடக் காட்சியை ஒலியில்லாமல் ஒருமுறை, ஆங்கில எழுத்தோடு இருமுறை, எழுத்தில்லாமல் ஒருமுறை என்று போட்டாலே 16 நிமிடம். தொடக்கத்தில் படத்தின் நிலைக்காட்சி ஒன்றைக் காட்டி ஊகிக்கவைக்க 5 நிமிடம், ஐந்து சொற்களுக்கு 7 நிமிடம், ஒட்டிக்கொண்ட ஒரு தொடரைப் பிரித்துப் பழக 8 நிமிடம், இருவர் இருவராக அந்தக் காட்சியை நடிக்க 15 நிமிடம். மீதி 9 நிமிடம் கேள்விகளுக்கும் கருவிகள் படுத்தும் பாட்டுக்கும் தேவைப்படும்.

எட்டு வகுப்பில் எட்டுக் காட்சி, மொத்தம் சுமார் 30 நிமிடம். இடையில் விடுபட்ட கதையை ஆசிரியரே ஐந்து வாக்கியத்தில், ஏ2 ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த ஐந்து வாக்கியமும் ஒரு கேட்டல் பயிற்சிதான், முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது வகுப்புக்குப் பின் விரும்புபவர் முழுப் படத்தையும் தாமே பார்க்கட்டும். படத்தின் முதல் காட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. பெரும்பாலான படங்களின் முதல் பத்து நிமிடத்தில் பெயர்களும் உறவுகளும் குவிந்திருக்கும், ஏ2 மாணவருக்கு அது மிகக் கடினமான இடம்.

ஒரு காட்சி எடுபடவில்லை என்பது இரண்டாவது சுற்றின் நடுவிலேயே தெரியும். தலைகள் குனியும், பேனாக்கள் நிற்கும். நாலாவது தடவை போட்டுக் காட்டினால் தெளியும் என்று எண்ண வேண்டாம், மூன்று தடவையில் ஏறாதது நாலில் ஏறாது. ஒலியை நிறுத்திவிட்டு, படத்தை மட்டும் ஓடவிட்டு, அந்த ஆட்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று மாணவர்களையே வசனம் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒலியோடு ஒருமுறை போட்டால், தாங்கள் எழுதியதில் ஒரு சொல்லாவது திரையில் வருகிறதா என்று எல்லோரும் கூர்ந்து கேட்பார்கள்.